'அனுமதி இலவசம்'னு போர்டு இருக்கு, பில்லை யார் கட்டுறாங்க?

நம்ம பட்ஜெட் வீடியோவைப் பார்த்துட்டு ஒருத்தர் கேட்டிருந்தார்: "மாசம் 500 ரூபாய் லோக்கல் பேண்ட் ஷோவுக்குப் போகுது ப்ரோ. இதை நிறுத்திட்டு எஸ்ஐபி-ல போட்டா 30 வருஷத்துல எவ்வளவு வரும்?" வயசு 26. கைக்கு வர்ற சம்பளம் 42,000.

கணக்கு ஈஸி. மாசம் 500, வருஷத்துக்கு 12% வளரும்னு வெச்சுக்கிட்டா (வெச்சுக்கிட்டாதான், யாரும் கேரண்டி தரல), 30 வருஷத்துல சுமார் 17.6 லட்சம். இதைத் தம்ப்நெயில்ல போட்டா வியூஸ் அள்ளும். ஆனா விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறுதுன்னு கழிச்சுப் பாருங்க. இன்னிக்கு மதிப்புல அது 3 லட்சத்துச் சொச்சம்தான். அதாவது, 26 வயசுலேருந்து 56 வயசு வரைக்கும் ஒரு ஷோவுக்கும் போகாம வீட்ல உட்கார்ந்திருந்தா கிடைக்கிற கூலி 3 லட்சம்.

எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கு, ரிட்டையர்மென்ட்டுக்கான எஸ்ஐபி ஓடிட்டு இருக்குன்னா அந்த 500-ல கை வைக்காதீங்க. இதான் என் கருத்து. சொல்லப்போனா, பொழுதுபோக்குக்குன்னு ஒதுக்குற பணத்துல கடைசியா வெட்ட வேண்டிய ஐட்டம் அது. மூணு ஓடிடி சந்தா கட்டுறீங்க, அதுல ரெண்டைத் திறந்து நாலு மாசம் ஆச்சு. வெட்டணும்னா முதல்ல அங்கே வெட்டுங்க.

கலை ஆர்வத்துல இதைச் சொல்லல. பணம் கடைசியா யார் கையில போய்ச் சேருதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்.

உடனே அடுத்த கேள்வி வரும்: "ஃப்ரீயாவே எத்தனையோ ஷோ நடக்குதே, நான் ஏன் 500 கொடுக்கணும்?" நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரையே அதைப் பத்தித்தான்.

ஃப்ரீ ஷோவுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் ஜூன் 21. பிரான்ஸ்ல 1982-ல, கலாச்சார அமைச்சரா ஜாக் லாங் இருந்தப்போ ஆரம்பிச்ச 'ஃபெத் த லா முசிக்'. அமைச்சகத்துல இசைப் பிரிவைப் பார்த்துக்கிட்ட மொரீஸ் ஃப்ளூரேயோட ஐடியா இது. நாட்டுல இத்தனை பேர் வீட்டுக்குள்ள கிட்டார், வயலின்னு வாசிச்சுட்டு இருக்காங்க, எல்லாரையும் ஒரு நாள் தெருவுக்கு வரச் சொன்னா என்ன ஆகும்? வடக்குப் பக்கம் ஜூன் 21-தான் வருஷத்துலயே நீளமான பகல், கோடையோட தொடக்கம். பிரெஞ்சுல 'இசை விழா'ன்னு சொன்னாலும் 'இசை பண்ணுங்க'ன்னு சொன்னாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். அந்தச் சிலேடையையே விளம்பரமாக்கிட்டாங்க.

ராக் ஒரு முனையில, ஜாஸ் இன்னொரு முனையில, நடுவுல சர்ச் பாடகர் குழு, பக்கத்துத் தெருவுல நாட்டுப்புறப் பாட்டு. இது உசத்தி, அது மட்டம்ங்கிற பேச்சே கிடையாது. வாசிக்கிறவங்க காசு வாங்காம வாசிப்பாங்க, கேட்கிறவங்க காசு கொடுக்காம கேட்பாங்க. இன்னிக்கு இந்த விழா நூறு நாடுகளுக்கு மேல பரவியிருக்கு. பிரெஞ்சுத் தொடர்பு இருக்கிறதால புதுச்சேரிக்கும், அலையன்ஸ் பிரான்சேஸ் வழியா சென்னைக்கும் வந்துடுச்சு. ஜூன் மாசம் ஆனா ஆஃபீஸ் வாட்ஸப் குரூப்ல 'இந்த வீக்கெண்ட் பாண்டி?'ன்னு மெசேஜ் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அருமையான விழாதான், சந்தேகமே இல்லை. ஆனா பிரான்ஸ்ல அந்த 'ஃப்ரீ'க்கு அடியில ஒரு தூண் இருக்கு. மேடைக் கலைஞர்களுக்கும், லைட், சவுண்ட் பார்க்கிற டெக்னீஷியன்களுக்கும் அங்கே தனியா ஒரு வேலையில்லாக் காலக் காப்பீடு உண்டு. 12 மாசத்துல 507 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்டினா, ஷோ இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை வரும். 2003-ல இந்த விதிகளை இறுக்கினாங்க. கலைஞர்கள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. அந்தக் கோடையில அவிஞ்ஞோன் நாடக விழாவே ரத்தாச்சு. ஒரு நாட்டோட கோடை விழாக்கள் எதுமேல நிக்குதுன்னு அந்த வருஷம் எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அங்கே தொழில்முறை டிரம்மர் ஒருத்தர் ஜூன் 21 அன்னிக்குச் சும்மா வாசிக்கிறார்னா, மிச்ச 364 நாளுக்கு அவருக்கு ஏதோ ஒரு பிடிமானம் இருக்கு. தொழில்முறை இல்லாதவருக்கு வேற வேலை இருக்கு, அவருக்கு அது கொண்டாட்டம். நம்ம ஊருக்கு அந்த 'ஃப்ரீ' மட்டும் பார்சல்ல வந்துடுச்சு. தூண் வரல.

"நம்ம ஊர்ல பாட்டு எப்பவுமே ஃப்ரீதானே, கோயில் திருவிழாவுல யார் டிக்கெட் வாங்கினா?"ன்னு கேட்கிறவங்க நிறைய. இங்கேதான் எனக்குப் பொறுக்க முடியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கொடை விழா பார்த்திருக்கீங்களா? வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம், கணியான் கூத்து, கடைசி நாள் ராத்திரி இன்னிசைக் கச்சேரி. திறந்தவெளி, கோடைகாலம், பலவகை இசை, பெரும்பாலும் சுத்துப்பட்டுக் கலைஞர்கள். இன்னிக்கு 'மல்ட்டி ஜானர் சம்மர் ஃபெஸ்டிவல்'னு போஸ்டர் அடிக்கிறாங்களே, அதேதான்.

அதுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனா யாரும் காசு கொடுக்கலையா? விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியே தலைக்கட்டு வரி பிரிச்சாச்சு. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணி, நோட்டுப் போட்டு வசூல் பண்ணுவாங்க. சென்னையில வேலை பார்க்கிற பையனுக்கும் போன் வரும், அவனும் ஜிபே பண்ணுவான். அந்தப் பணத்துலேருந்துதான் மேளக்காரருக்கு அட்வான்ஸ் போகும், செட்டுக்காரருக்குப் போகும். கச்சேரி நடுவுல அன்பளிப்பு வேற தனியா வரும், யார் கொடுத்தாங்கன்னு மைக்ல பேர் சொல்லுவாங்க. அந்த வரியில சாதி அரசியல் இருக்கு. யார்கிட்ட வாங்குறாங்க, யார்கிட்ட வாங்க மறுக்கிறாங்கங்கிறதுல பெரிய சண்டைகளே நடந்திருக்கு. அதனால அந்த ஏற்பாட்டைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாட நான் வரல. கலைஞனுக்குக் கொடுக்க வேண்டியதை ஊர் முன்கூட்டியே எடுத்து வெச்சதுங்கிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

ஆக, பிரான்ஸ்ல காப்பீடு, கிராமத்துல வரி. நகரத்துல 'அனுமதி இலவசம்'னு ஒரு போர்டு மட்டும் தொங்குது. சில இடங்கள்ல ஸ்பான்சர் இருப்பாங்க, அமைப்பாளர் பேண்டுக்கு ஒழுங்கா ஒரு தொகை கொடுப்பார். அப்படி நடத்துறவங்களுக்கு ஒரு சல்யூட். மத்த இடங்கள்ல பேண்டுக்குக் கிடைக்கிறது 'எக்ஸ்போஷர்'. எக்ஸ்போஷரை வெச்சு ஆம்ப்ளிஃபயர் இஎம்ஐ கட்ட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இது நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான், ஊருக்கு ஊர் மாறும். அஞ்சு பேர் இருக்கிற பேண்ட். ஒரு ஷோவுக்கு நாலு தடவை ரிகர்சல், ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம். ஜாம் ரூம் வாடகை மணிக்கு 500-னா 6,000. டிரம் செட்டு, கீபோர்டு ஏத்தி இறக்க வண்டி 3,000. கிட்டார் கம்பி, டிரம் ஸ்டிக், தோல்னு தேயுற சாமான் 1,500. சாப்பாடு 1,500. மொத்தம் 12,000.

20,000 ரூபாய் ஃபீஸ் கிடைச்சா மிச்சம் 8,000. ஆளுக்கு 1,600. ரிகர்சல் 12 மணி நேரம், ஷோ அன்னிக்கு சவுண்ட் செக் முதல் பேக்கப் வரை 8 மணி நேரம், ஆக 20 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய். வாத்தியம் வாங்கின காசு, பத்து வருஷம் வீட்ல தனியா பண்ணின பிராக்டிஸ் எதையும் இதுல சேர்க்கல. ஃபீஸ் வாங்கினாலே நிலைமை இதுதான்.

அதே ஷோ 'ஃப்ரீ'ன்னா? ஆளுக்கு 2,400 ரூபாய் கைக்காசு போட்டு நமக்காக வாசிக்கிறாங்க.

இப்போ நம்ம பக்கத்துக் கணக்கு. நாலு ஃப்ரெண்ட்ஸ் சென்னையிலேருந்து கார்ல பாண்டி போறாங்க. ரெண்டு ரூம் 6,000. பெட்ரோல், டோல் 3,500. சாப்பாடு, 'அது', எல்லாம் சேர்த்து 6,000. பார்க்கிங் 200. மொத்தம் 15,700, தலைக்கு 3,925. இதுல பாட்டுக்கு எவ்வளவு? பூஜ்யம். ஹோட்டல்காரர் வாங்கிட்டார், பங்க்ல வாங்கிட்டாங்க, பார்க்கிங் தம்பி 200 கேட்டு வாங்கிட்டான். எதைக் கேட்கக் கிளம்பினோமோ, அதைக் கொடுத்தவங்களுக்கு மட்டும் ஒண்ணும் போகல. கூட்டத்துல 200 பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டிருந்தா, நான் மேல சொன்ன 20,000 வந்திருக்கும். ஒரு பிளேட் சில்லி சிக்கன் காசு கூட இல்லை அது.

அதனால ஃப்ரீ ஷோவுக்குப் போறப்போ டிக்கெட் விலையை நீங்களே நிர்ணயம் பண்ணிக்கோங்க. 100-ஓ 200-ஓ, வீட்லேருந்து கிளம்புறப்பவே பட்ஜெட்ல எழுதிடுங்க. மேடைப் பக்கம் க்யூஆர் இருந்தா ஸ்கேன் பண்ணுங்க. இல்லைன்னா அவங்க விக்கிற டிஷர்ட், ஸ்டிக்கர் ஏதாவது வாங்குங்க. ஸ்ட்ரீமிங்ல கேட்டா அவங்களுக்கு வர்றது பைசா கணக்கு. ஆயிரம் தடவை ரிப்பீட்ல போட்டுக் கேட்கிறதை விட நேர்ல ஒரு டிஷர்ட் வாங்கினா அதிகமாப் போய்ச் சேரும். 'கெஸ்ட் லிஸ்ட்ல என் பேரைப் போடு மச்சி'ன்னு கேட்கிற பழக்கம் இருந்தா, தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஃப்ரெண்டோட பேண்டுன்னா முதல் டிக்கெட் நீங்க வாங்கணும்.

டிக்கெட் ஷோன்னா ஒரு வரி விஷயம் தெரிஞ்சுக்கோங்க. இசை நிகழ்ச்சிக்கு ஒருத்தருக்கான கட்டணம் 500 ரூபாய் வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி கிடையாது. 500-ஐத் தாண்டினா முழுத் தொகைக்கும் 18%. அதாவது 600 ரூபாய் டிக்கெட்டுக்கு 108 ரூபாய் வரி. லோக்கல் பேண்ட் ஷோ பெரும்பாலும் 499, 399-னு இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆப்ல புக் பண்ணினா கன்வீனியன்ஸ் ஃபீ தனி, அதுக்கு ஜிஎஸ்டி தனி. கேட்ல வாங்க முடியும்னா கேட்லயே வாங்குங்க.

பெரிய கான்சர்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில கோல்ட்ப்ளே மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்தப்போ நம்ம ஆளுங்க எத்தனை பேர் ஃப்ளைட் ஏறினாங்கன்னு உங்களுக்கே தெரியும். மும்பையில டிக்கெட் 2,500-ல ஆரம்பிச்சது. ஆனா டிக்கெட்டா செலவு? ஃப்ளைட், ஹோட்டல், கேப்னு 25,000 ஈஸியாத் தாண்டும். வாழ்க்கையில ஒரு தடவை, பிடிச்ச பேண்ட், காசு சேர்த்து வெச்சுப் போறேன்னா தாராளமாப் போங்க. நான் ஏன் தடுக்கப் போறேன்? கிரெடிட் கார்டுல தேச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுறதுதான் பிரச்னை. மாசம் 3.5% வட்டின்னு வெச்சுக்கிட்டா, 25,000-க்கு முதல் மாசமே 875 ரூபாய், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா 1,032. ரெண்டு லோக்கல் ஷோ டிக்கெட்டை பேங்க்குக்குக் கொடுத்தாச்சு. அதுவும் மாசா மாசம்.

அந்தக் காசுக்கு இங்கேயே என்ன கேட்க முடியும்னு பாருங்க. கானா, ராப், ராக் மூணையும் ஒரே மேடையில ஏத்தின தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில உருவானதுதான். கர்நாடக ராகத்தை ஜாஸ்-ராக்ல வாசிக்கிற ஜடாயு நம்ம ஊர் பேண்ட். இவங்க எல்லாரும் ஒரு காலத்துல 80 பேர் முன்னாடி வாசிச்சவங்கதான். அந்த 80 பேரும் 'பெரிசானதும் பார்த்துக்கலாம்'னு இருந்திருந்தா இன்னிக்குக் கேட்க ஒண்ணும் இருந்திருக்காது.

திறந்தவெளி ஷோன்னா மழை. ஜூன்ல சாயங்காலம் இடி மின்னலோட கொட்டும், சொல்லிட்டு வராது. டிக்கெட் வாங்கும்போது ரத்தானா ரீஃபண்டா, இல்லை வேற தேதியான்னு ஒரு நிமிஷம் படிச்சுடுங்க.

இப்போ கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வரேன். இந்தப் பேண்டுகளை ஃப்ரீயா வாசிக்கச் சொல்றது யாருன்னு நினைக்கிறீங்க? பாதி நேரம் நாமதான். கம்பெனி ஆண்டு விழா கமிட்டியில உங்களைப் போட்டிருப்பாங்க. கேட்டரிங்குக்கு ஒரு தலைக்கு இவ்வளவுன்னு கொட்டேஷன் வாங்குவீங்க, பேரம் பேசி முழுசாக் கொடுப்பீங்க. பலூன் டெகரேஷனுக்கும் கொடுப்பீங்க. போட்டோகிராஃபர் அட்வான்ஸ் இல்லாம வரவே மாட்டார். கடைசியில பட்ஜெட்ல மிச்சம் இல்லைன்னதும், "நம்ம டெஸ்டிங் டீம் பையனோட பேண்ட் இருக்குல்ல, நல்ல எக்ஸ்போஷர், பேசிப் பாருங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். 600 பேர் சாப்பிடுற விழாவுல பாட்டுக்குக் காசு இல்லை. அடுத்த தடவை அந்த மீட்டிங்ல நீங்க இருந்தா, பலூனுக்கு முன்னாடி பேண்டுக்கு ஒரு வரி எழுத வைங்க. உங்க பாக்கெட்லேருந்து ஒரு ரூபாய் போகாது. மாசம் 500 ரூபாய் டிக்கெட் வாங்குறதை விட இதுல பேண்டுக்குக் கிடைக்கிறது அதிகம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல வாசிக்கிறவங்களும் இருக்கீங்க. வாரத்துல அஞ்சு நாள் லேப்டாப், சனி ஞாயிறு பேஸ் கிட்டார். உங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளியில சம்பாதிக்க முன்அனுமதி வேணும்னு நிறைய கம்பெனிகள்ல ஷரத்து இருக்கும், எச்ஆர்-கிட்ட ஒரு மெயில்ல கேட்டு வெச்சுக்கிறது நல்லது. ரெண்டாவது, வருமான வரி. ஷோ வருமானத்தைத் தொழில் வருமானமாக் காட்டணும்னா ஐடிஆர்-1 போட முடியாது. 3-ஆ 4-ஆன்னு ஆடிட்டரைக் கேளுங்க. ஃபீஸ்ல டிடிஎஸ் பிடிச்சிருந்தா வரித்துறை போர்ட்டல்ல ஃபார்ம் 26ஏஎஸ்-ஐப் பாருங்க, உங்க பணம் அங்கே தூங்கிட்டு இருக்கலாம். ஜாம் ரூம் வாடகை, வண்டிச் செலவுக்கெல்லாம் பில் வாங்கி வெச்சுக்கோங்க, அதெல்லாம் கழிக்க வேண்டிய செலவு.

மூணாவது, ஃபீஸ். நண்பர், நண்பரோட நண்பர், காலேஜ் சீனியர், யாரா இருந்தாலும் எழுத்துல வாங்குங்க. பெரிய காண்ட்ராக்ட் எல்லாம் வேண்டாம். தேதி, எத்தனை நிமிஷம், எவ்வளவு தொகை, சவுண்ட் யார் செலவு, மழை வந்து ரத்தானா எவ்வளவு. ஒரே வாட்ஸப் மெசேஜ், அவங்க பக்கத்துலேருந்து 'ஓகே'ன்னு பதில். பாதி அட்வான்ஸ் வந்த பிறகு ரிகர்சல் புக் பண்ணுங்க. மிச்சப் பாதியை மேடை ஏறுறதுக்கு முன்னாடி வாங்கிடுங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சு கேபிள் சுத்திட்டு இருக்கிற நேரத்துல அமைப்பாளரைத் தேடினா, அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்.